அக்டோபர் இல்லாத ஜெபம்

பதினோரு நிமிடம்தான்.
மல்ஹாஸ் கடிகாரம் பார்த்திருக்கிறான்.
அவன் அப்படித்தான், வீடே எரிந்தாலும்
எத்தனை மணிக்குப் பற்றியது என்று சொல்வான்.
அக்ரூட் பருமனில் ஆலங்கட்டி,
அலசானிப் பள்ளத்தாக்கு முழுவதையும் விட்டுவிட்டு
எங்கள் ஒரு ஹெக்டேரை மட்டும்
பெயர் சொல்லித் தேடி வந்ததுபோல் அடித்தது.

ஜூன் மாதத்துச் சபெராவி.
பூ முடிந்து, மிளகு மிளகாய்ப் பிஞ்சு பிடித்திருந்தது.
மறுநாள் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன்.
காலடியில் நொறுங்கியதெல்லாம்
நாங்கள் வாங்கிய கடன்.

ஆறு நாள் நான் ஜெபிக்கவில்லை.
கோபம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை.
பேச்சு நின்றுபோன வீட்டில்
ரொட்டியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு
எழுந்து போகிறவளைப்போல,
கிழக்கு மூலையில் விளக்கை மட்டும் ஏற்றினேன்,
படத்தின் முகத்தைப் பார்க்காமல்.

ஏழாம் நாள் ஞாயிறு.
எங்கள் கோவிலில் நின்றுகொண்டேதான் ஜெபம்.
முழங்கால் வலி. தேன்மெழுகு வாசனை.
எதிரே புனித நீனோவின் சிலுவை:
திராட்சைக் கொடி இரண்டைத்
தன் கூந்தலால் கட்டினாளாம் அந்தப் பெண்.
அதன் கைகள் நேராக நிற்பதில்லை.
இருபுறமும் தொங்கும்,
கிணற்றிலிருந்து இரண்டு வாளி
சுமந்து வருகிறவள் தோள்போல.
நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.
அன்றுதான் கேட்டேன்:
உமக்கும் ஆலங்கட்டியா, ஆண்டவரே?

பதில் வரவில்லை.
என்னிடமிருந்துதான் வந்தது, கணக்கு.
தெலாவி வங்கிக்கு இவ்வளவு,
கந்தகம் வாங்கிய கடைக்கு இவ்வளவு,
குத்தாயிசியில் படிக்கிற ததாஷுக்கு அறை வாடகை.
பாதிரியார் தூபம் வீச வீச
நான் பாக்கி வாசித்தேன்.
ஸ்தோத்திரம் ஒன்றும் இல்லை.
மளிகைச் சீட்டுபோல ஒரு ஜெபம்.
பக்கத்தில் ஓத்தார் நின்றிருந்தார்,
வாய்க்கால் தண்ணீருக்காக நான்கு வருடமாய்
எங்களோடு பேசாதவர்.

பிறகு எல்லோருமாய்,
ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபம்.
அப்பம் கேட்கிற இடத்தில் நாக்கு நின்றது.
இன்றைக்கு என்று இருக்கிறது.
இன்றைக்கு மட்டும்.
வங்கிக் கடிதத்தில் அக்டோபர் இருக்கிறது.
மல்ஹாஸின் தூக்கத்தில் அக்டோபர் இருக்கிறது.
காலிச் சாடிகள் மண்ணுக்குள்ளிருந்து
வாய் பிளந்து கேட்பதும் அதையேதான்.
இந்த ஜெபத்தில் அக்டோபரைக் காணோம்.
முன்னும் பின்னும் தேடினேன்,
எந்த மாதமும் இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது.
கோவிலில், முக்காட்டுக்குள்,
தும்மலை அடக்குவதுபோல் அடக்கினேன்.
அடங்கவில்லை. தோள் குலுங்கியது.
அழுகிறேன் என்று நினைத்து
மல்ஹாஸ் முதுகில் கை வைத்தான்.
ஓத்தாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.
தன் மெழுகுவர்த்தியைச் சாய்த்து
அணைந்திருந்த என்னுடையதைப் பற்றவைத்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை,
திரியை மட்டும் பார்த்தார்.

ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
வெளியே அதே சேறு.
வங்கிக்கு ஞாயிறு விடுமுறை, அதுவும் ஒரு கிருபை.
வழியில் மண் அடுப்புக்காரியிடம் ரொட்டி வாங்கினோம்,
படகுபோல் நீண்டது, கை பொறுக்காத சூடு.
நுனியை ஒடித்துத் தின்றுகொண்டே நடந்தேன்.
ஆறு நாளில் முதல் தடவையாக
உப்பு தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் அப்படியே இருந்தது என்றால் பொய்.
விடியலில் விளக்கேற்றும்போதே
அக்டோபர் வாசல்வரை வந்து நிற்கும்.
நாய்க்குச் சொல்வதுபோல் சொல்வேன்:
போ, உன் நாளில் வா.
சில நாள் போகும். சில நாள் குரைக்கும்.

அந்த ஞாயிறு மாலை
பழைய சட்டை ஒன்றைக் கிழித்து
ஒடிந்த கொடிகளைக் கட்டினோம்.
தேறாததை வெட்டினோம்.
இந்த வருடம் காய்க்குமா என்றான் மல்ஹாஸ்.
காய்க்காது என்றேன்.
சொன்ன குரலில் என்ன கேட்டானோ,
மூன்றாம் வரிசையில் சீட்டியடிக்க ஆரம்பித்தான்.
இந்த முறை
கடிகாரத்தை நான் பார்த்து வைத்தேன்.
ஏழு இருபது.